உப்பிலியபுரத்தில் மாமாவின் நம்பர்

அம்மணி அத்தையின் போனில் மாமாவின் நம்பர் ‘அவங்க’ என்றுதான் பதிவாகியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து வாயால் சொல்லாத பெயரை, போன் வந்த பிறகு விரலால் மட்டும் எழுதிவிடுவாரா என்ன. மாமா இறந்து வருஷம் திரும்பச் சில வாரங்களே இருந்தபோது, அந்த ‘அவங்க’வுக்குப் பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் இருந்த மாமாவின் முகம் காணாமல் போனது. அந்த இடத்தில் ஒரு சிவப்பு டிராக்டர் வந்து நின்றது.

அத்தை எனக்குப் போன் செய்தார். நான் இருப்பது ஹாலந்தில், ராட்டர்டாமில். ஸ்ரீரங்கத்து நம்பர் திரையில் வந்தாலே, எடுப்பதற்குள் மனசு யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஒரு சுற்று சுற்றிவிடும்.

“மாதவா, உங்க மாமா டிராக்டர் வாங்கியிருக்காருடா” என்றார்.

“என்ன அத்தே?”

“அவங்க போட்டோ இருந்த எடத்துல டிராக்டர் நிக்குது. உசுரோட இருந்தப்ப சைக்கிளுக்கு டயர் மாத்தவே மூணு நாள் யோசிப்பாங்க.”

சொன்னவர் சிரிக்கவில்லை. எனக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. பணம் போடாமல் கிடந்த நம்பரைக் கம்பெனிக்காரர்கள் எடுத்து வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

“மாமா போன் எங்க இருக்கு?”

“பீரோல. வேட்டி சட்டையோட வச்சுப் பூட்டியிருக்கேன்.”

“நடுவுல ரீசார்ஜ் பண்ணீங்களா?”

“செத்தவங்களுக்கு யாருடா ரீசார்ஜ் பண்ணுவாங்க?”

எங்கள் வீட்டு வழக்கம் அது. இறந்தவர் புழங்கிய சாமானை வருஷம் திரும்பும்வரை யாரும் எடுத்துப் புழங்கக் கூடாது. கண்ணாடி, கைக்கடிகாரம், குடை எல்லாம் ஒரே தட்டில் வைத்துப் பூட்டப்படும். தலைத்திவசம் முடிந்து வீடு கழுவிய பிறகுதான் பீரோ திறக்கும். வழக்கத்தை உண்டாக்கியவர்கள் குடையையும் கடிகாரத்தையும் நினைத்து உண்டாக்கியிருப்பார்கள். ஒரு வருஷம் பூட்டி வைத்தால் குடை வேறு யார் கைக்கும் போகாது.

“போனை வெளிய எடுங்க அத்தே. இன்னிக்கே எடுங்க.”

“இன்னும் இருபது நாள்தானேடா. இவ்வளவு நாள் காத்தாச்சு.”

அவர் எதற்குக் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

அத்தை லால்குடிப் பக்கம் நெல் விளைகிற ஊர்க்காரர். என் அம்மாவின் தம்பி சின்னையாவுக்கு வாழ்க்கைப்பட்டு பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தார். மாமா பணிமனையில் ஃபிட்டர். சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு, சங்கு ஊதினால் வீடு திரும்புகிற வாழ்க்கை. ஓய்வு பெறுவதற்கு முன்னாலேயே ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், இரண்டு அறை வீடு கட்டிக்கொண்டார்கள். அத்தை கிரைண்டர் வாங்கிப் போட்டு இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தார். சந்தில் பாதி வீடுகளுக்கு அத்தை வீட்டு மாவுதான். வைகுண்ட ஏகாதசிக்கு ஊரே கோயிலில் நெரியும்போதுகூட அவர் போக மாட்டார். “ரெங்கநாதரு எங்கயும் போயிட மாட்டாரு. மாவு பொங்கி வழிஞ்சுரும்” என்பார்.

வெகு நாள் பிள்ளையில்லாமல் இருந்து பிறந்தவன் அரவிந்தன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். அவனுக்கு ஒரு வித்தை இருந்தது. யார் குரலையும் அப்படியே கொண்டுவந்துவிடுவான். கீரைக்காரி, பஸ் கண்டக்டர், காரியம் செய்துவைக்கிற சாஸ்திரிகள், என் அம்மா, ஒருவரையும் விட்டதில்லை. ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு அவனுடைய தனிச் சிறப்பு. கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அத்தைக்குப் பின்னால் போய் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு, “பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அம்மணி மாவு எக்ஸ்பிரஸ் இன்னும் சற்று நேரத்தில் அடுக்களையில் வந்து சேரும்” என்பான். அத்தை மாவுக் கையோடு திரும்புவார். “ஏ அம்மணி, அடிக்க வராத, மாவு தெறிக்குது” என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடுவான். கணவன் பெயரை அவர் சொன்னதில்லை. அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவனும் வீட்டில் இவன் ஒருத்தன்தான்.

மாமா தொடுதிரை போன் வாங்கிய புதிதில் எடுத்ததெல்லாம் இதைத்தான். படம் எடுப்பார், வீடியோ எடுப்பார், எடுத்ததை ஆன்லைனில் ஏற்றுவார். அரவிந்தனே கணக்கு ஆரம்பித்துக் கொடுத்து, தன் பெயரில் ஒரு ஆல்பமும் போட்டுக் கொடுத்திருந்தான். மாமாவுக்கு அதில் அலாதிப் பெருமை. நான் லீவில் வரும்போதெல்லாம் பாடம் எடுப்பார்.

“வேகன் இருக்கே, அதை எவ்வளவு பெயிண்ட் அடிச்சாலும் உள்ளேருந்து துரு ஏறும் மாதவா. இதுக்குத் துருவே கிடையாது. போன் உடஞ்சாலும் மேல இருக்கும்.”

“மேலன்னா எங்க மாமா?”

“அது எங்கயோ. உங்க ஊர்ப் பக்கம்தான் பெட்டி பெட்டியா வச்சிருக்கானாம். நீ பாத்துக்க மாட்டியா?”

அரவிந்தன் இஞ்சினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கும்போது பைபாஸில் லாரியில் அடிபட்டுப் போனான். அவன் போனும் அவனோடு நசுங்கிப் போயிற்று. எனக்கு மாமா அவ்வப்போது அனுப்பியவை வெறும் படங்கள்தாம். வீடியோ பெரிசாக இருக்கிறது, போக மாட்டேன் என்கிறது என்பார். அத்தையிடம் அப்போது பட்டன் போன். ஆக, அவன் குரல் இருந்த இடம் மாமாவின் கணக்கு மட்டும்.

அவன் தலைத்திவசம் காவிரிப் படித்துறையான அம்மா மண்டபத்தில் நடந்தது. நான் வர முடியவில்லை. அத்தை பிற்பாடு சொன்னதுதான். பிண்டம் கரைத்தார்கள். அவன் சட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், அதையும் ஆற்றில் விட்டார்கள். “விட்டுட்டுத் திரும்பிப் பார்க்கப்படாது. அப்படியே ஏறி வந்துடுங்கோ” என்றார் சாஸ்திரிகள். மாமா ஏறி வந்தார். வந்தவர் மேல்படியில் உட்கார்ந்துவிட்டார். ஈர வேட்டியோடு போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பார்க்கட்டும் என்று ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் மாமா போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“முடிஞ்சுது. வா போலாம்.”

அதற்குப் பிறகு மாமா மனிதர்களைப் படம் எடுத்து யாரும் பார்க்கவில்லை. கல்யாணமாகாமல் போனவன் படத்தைக் கூடத்தில் மாட்டக் கூடாது என்று லால்குடியிலிருந்து வந்த பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். மாட்டவில்லை. அத்தை எப்போதாவது கேட்பார்.

“அந்த மாவு எக்ஸ்பிரஸ் வீடியோவைக் கொஞ்சம் போடுங்களேன்.”

“இப்ப வேணாம் அம்மணி.”

அத்தை இதைச் சொல்லும்போது நான் நிறுத்திக் கேட்டேன்: “மாமா உங்களைப் பேர் சொல்லியா கூப்பிட்டார்?” “அவன் போனப்புறம்தான் கூப்பிட ஆரம்பிச்சாங்க” என்றார்.

இன்னொரு நாள் கேட்டால் சார்ஜ் இல்லை என்பார். இன்னொரு நாள் நெட் வரவில்லை என்பார். அவரால் கேட்கத் தாங்காது என்று நினைத்து அத்தையும் விட்டுவிட்டார். இருக்கிற இடத்தில் இருக்கட்டும், என்றைக்காவது கேட்டுக்கொள்ளலாம்.

பிறகு மாமாவும் போனார். காலையில் பால் வாங்கி வந்து வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடி. பதினாறாம் நாள் முடிந்ததும் அத்தை அவருடைய சாமான்களை அடுக்கிப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகும்போது என் அம்மாவிடம் சொன்னாராம்: “வருஷம் திரும்பினதும் மொத வேலையா அந்தப் பய சத்தத்தைக் கேக்கணும் அண்ணி. இனிமே வேணாம்னு சொல்ல ஆளில்ல.”

அந்த வருஷம் முழுக்க அவர் காத்திருந்தது இதற்குத்தான். நான் எவ்வளவு கெஞ்சியும் மிச்சமிருந்த இருபது நாளுக்கு முன்னால் பீரோவைத் திறக்கவில்லை.

திறந்தபோது மாமாவின் போன் உப்பியிருந்தது. பின்பக்கம் பிளந்து பேட்டரி வெளியே தெரிந்தது. அத்தை அதை ஒரு துண்டில் சுற்றி, கடைத்தெருவில் போன் ரிப்பேர் பார்க்கிற அப்துல் ரஹீமிடம் கொண்டுபோனார். ரஹீமும் அத்தை வீட்டு மாவு வாங்குகிறவர்தான்.

“அம்மா, இதைக் கையில வச்சுக்கிட்டா நடந்து வந்தீங்க? வெடிச்சிருந்தா?”

“ஒரு வருஷமா பீரோல இருந்துச்சுப்பா. ஒண்ணும் ஆகல.”

“பீரோவுல இருந்ததுதாம்மா ஆயிருக்கு. சொட்டு சார்ஜ் இல்லாம அப்படியே கெடந்து செத்துருச்சு. போர்டும் போச்சு.” அத்தையின் முகத்தைப் பார்த்து அவர் அவசரமாகச் சொல்லியிருக்கிறார்: “ஆனா ஐயாதான் எல்லாத்தையும் ஆன்லைன்ல ஏத்துவாரே. அது இருக்கும். வேற போன்ல திறந்துக்கலாம்.”

புதுப் போன் ஒன்று வாங்கினார்கள். நான் ராட்டர்டாமிலிருந்து வீடியோவில். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. அரவிந்தன் பிறந்த தேதி, பொன்மலை, அத்தையின் பெயர், வேகன் என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தோம். எதற்கும் திறக்கவில்லை. வேறு வழி வேண்டுமானால் மாமாவின் நம்பருக்கு ஆறு இலக்க எண் அனுப்புகிறோம், அதைச் சொல்லுங்கள் என்றது திரை. மாமாவின் நம்பரில் டிராக்டர் நின்றுகொண்டிருந்தது.

இரண்டு வருஷம் யாரும் உள்ளே வராத கணக்கை மொத்தமாக அழித்துவிடுவார்கள் என்று படித்திருந்தேன். மாமா இறப்பதற்கு எவ்வளவு நாள் முன்னால் கடைசியாக உள்ளே போனார் என்று யாருக்குத் தெரியும்? இதை அத்தையிடம் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது.

“அழிச்சுருவானா? எதுக்குடா? அவன் எடத்தையா அடைச்சுக்கிட்டு இருக்கு?”

“யாரும் வந்து பாக்கலன்னா, ஆளு இல்லன்னு நெனச்சுக்குவான் அத்தே.”

“ஆளு இல்லதான்” என்றார்.

மறுநாள் ரஹீமின் கடையில் வைத்து, மாமா போன பிறகு முதல் முறையாக, அத்தை ‘அவங்க’வை அழுத்தினார். மணி அடித்தது. ரஹீம் ஸ்பீக்கரில் போட்டார். இன்னொரு போனில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அழகிரி உரக்கடை, சொல்லுங்க.”

“நான் ஸ்ரீரங்கத்துலேருந்து பேசுறேங்க. இது எங்க வீட்டுக்காரரு நம்பருங்க.”

“அவரு இங்க இல்லீங்களே.”

“தெரியுங்க. அவரு இறந்துட்டாரு.”

“அப்பறம் எனக்கு எதுக்குங்க போன் பண்றீங்க?”

“உங்க போனுக்கு ஆறு நம்பரு ஒண்ணு வரும். அதை மட்டும் எனக்குச் சொன்னீங்கன்னா...”

“ஓடிபியா! அட, இப்ப பொம்பளைங்களை விட்டுப் பேச வைக்கிறீங்களா? போன மாசம் எங்க மச்சான்கிட்ட இப்படித்தான் ஒருத்தன் பாசமாப் பேசுனான், பேங்க்கைத் தொடச்சுட்டுப் போயிட்டான். செத்தவரு பேரைச் சொல்லி சம்பாரிக்கிறியே, நல்லா இருப்பியா நீ?”

போன் வைக்கப்பட்டது. திரும்ப அழைத்தால் போகவில்லை. டிராக்டர் படமும் மறைந்து வட்டம் வெறுமையாகிவிட்டது. “பிளாக் பண்ணிட்டாரும்மா” என்றார் ரஹீம். அவர் போனிலிருந்து கூப்பிட்டபோதும் அதே கதைதான். அந்த உரக்கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. யாருக்கும் சொல்லாதே, யாருக்கும் சொல்லாதே என்று நாடே ஓதுகிற மந்திரத்தைத்தான் அவர் காப்பாற்றினார்.

ஆனால் டிராக்டருக்குப் பின்னால் இருந்த போர்டை அத்தை முன்பே படித்து வைத்திருந்தார். அழகிரி உரக்கடை, உப்பிலியபுரம்.

நான் வேண்டாம் என்றேன். தெரியாத ஊர், தெரியாத ஆள், திட்டியவர் வேறு. ரஹீமை அனுப்பலாம், இல்லை நானே டிசம்பரில் வந்து போகிறேன் என்றேன். அத்தை “உம், உம்” என்று கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் மாவு ஆட்டுவதற்கு ஒரு நாள் லீவு விட்டார். மாமாவின் இறப்புச் சான்றிதழ், அரவிந்தனின் காலேஜ் அடையாள அட்டை, புதுப் போன் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு டோல்கேட்டில் துறையூர் பஸ் ஏறினார். துறையூரில் இறங்கி மாறிப் போனார்.

அன்று பகல் நான் ஆபீஸில் இருந்தேன். மேஜையில் கிடந்த போன் அதிர்ந்தது. திரையில் ‘சின்னையா மாமா’ என்று வந்தது.

நான் அந்தப் பெயரை அழிக்காமல் வைத்திருந்ததால் வந்தது, வேறொன்றுமில்லை. இருந்தாலும் எடுக்கக் கை வரவில்லை. எடுத்தேன்.

“ஹலோ, ஹாலந்தா? நான் அழகிரி பேசுறேன், உரக்கடை. உங்க அத்தை இங்க வந்து உக்காந்திருக்காங்க. நெசமாவே உங்க அத்தைதானா?”

பின்னால் ஒரு பெண் குரல் அதட்டியது. “அவரு என்ன இல்லன்னா சொல்லப் போறாரு? ஓடிபி திருட வர்றவங்க யாராச்சும் ரெண்டு பஸ் மாறி, டெத் சர்ட்டிபிகேட்டோட வருவாங்களா? அறிவு வேணாம்?”

அது அழகிரியின் மனைவி ஜோதி. அத்தை வந்து நின்றபோது அழகிரி கடையைப் பாதி சாத்தியே விட்டாராம். ஜோதிதான் உள்ளே அழைத்து மோர் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்.

“கோச்சுக்காதீங்க சார்” என்றார் அழகிரி. “இந்த நம்பரு வாங்குனதுலேருந்து எனக்கு நிம்மதி இல்ல. பென்ஷன் சங்கத்துலேருந்து கூட்டத்துக்குக் கூப்பிடுறாங்க. பொன்மலையிலேருந்து ஒருத்தரு, ‘என்னடா சின்னையா, கொரலு எளசாயிருச்சு’ங்குறாரு. நான் சின்னையா இல்லீங்கன்னா, அவன் எங்கன்னு கேக்குறாரு. எனக்கு எப்படிங்க தெரியும்? ஆளு போயிட்டாருன்னு அம்மா சொல்லித்தான் இப்ப தெரியுது. இவ்வளவு நாளா அவருக்குப் பதிலா நான் பதில் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.”

“நம்பரை மாத்திருக்கலாமே” என்றேன்.

“கடை போர்டுல எழுதிட்டேங்களே.”

போனை நிமிர்த்தி வைத்தார்கள். உர மூட்டைகள் தெரிந்தன, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தை. மடியில் புதுப் போன். நான் சொல்லச் சொல்ல அழுத்தினார். அழகிரியின் போனில் எண் வந்தது. பழக்க தோஷத்தில் அவர் திரையைக் கையால் மறைத்தார்.

“மறைக்கிறதப் பாரு, கஜானா சாவி” என்றார் ஜோதி.

அழகிரி எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தார். அத்தை ஒவ்வொன்றாகக் குத்தினார். கணக்கு திறந்தது.

அழியவில்லை. எல்லாம் இருந்தது. அத்தை திரையைத் தள்ளத் தள்ளப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. கேஸ் ரசீது. கரண்டு மீட்டர். மாத்திரை அட்டை. மறுபடி மீட்டர். பென்ஷன் புத்தகம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. மழையில் ஒழுகிய சுவர். இன்னும் கீழே போனால் பொன்மலைப் பணிமனை வாசல், யாரோ நண்பர்கள், என் கல்யாணத்தில் நான், என் அம்மா.

“ஆல்பம்னு ஒண்ணு இருக்கும் பாருங்க அத்தே. அதைத் தொடுங்க.”

தொட்டார். ‘அரவிந்த்’ என்று பெயர் போட்டு ஒரு சாம்பல் கட்டம் இருந்தது. அதைத் தொட்டார். இங்கே எதுவும் இல்லை என்று காட்டியது.

நெட் மெதுவாக இருக்கிறது, காத்திருங்கள் என்றேன். காத்திருந்தார்கள். ஜோதி போனை வாங்கிக்கொண்டு வாசல்வரை போய்ச் சிக்னல் பிடித்துப் பார்த்தார். எதுவும் இல்லை. வருஷ வாரியாகப் பின்னால் தள்ளிப் போகச் சொன்னேன். எங்கேயும் அவன் இல்லை. என் கல்யாணத்தில் எல்லோரும் இருந்தார்கள். அவன் மாப்பிள்ளைத் தோழனாக என் பக்கத்தில் நின்ற படங்கள் இல்லை. எங்கள் குலதெய்வக் கோயில் பொங்கலில் பானை இருந்தது, அத்தை இருந்தார், அடுப்பு ஊதியவன் இல்லை. குப்பையில் போட்டதைச் சில வாரம் வைத்திருக்கிற இடம் ஒன்று உண்டு, அதுவும் காலி.

கம்பெனிக்காரன் அழித்திருப்பான் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். அழித்தால் அவன் ஒரு முகத்தை மட்டும் தேடித் தேடியா எடுப்பான்? கேஸ் ரசீதை விட்டுவைத்துவிட்டா போவான்?

“எங்கயாவது மாறிப் போயிருக்கும் அத்தே. நான் தேடிப் பாக்குறேன்.”

“தேடாதடா” என்றார் அத்தை.

கொஞ்ச நேரம் மடியில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். திரை தானாக அணைந்தது.

“அன்னிக்கு மண்டபத்துப் படியில உக்காந்திருந்தாங்கல்ல. நான் பக்கத்துலதான் இருந்தேன். பாத்துக்கிட்டிருக்காங்கன்னுதான் நெனச்சேன். கட்டைவெரலு மட்டும் அசஞ்சுக்கிட்டே இருந்துச்சு. குத்திக் குத்தி... வேட்டி காயிற வரைக்கும்.”

வெளியே ஏதோ வண்டி ஹாரன் அடித்தது.

“விட்டுட்டுத் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னாரு அய்யரு. சட்டையை மட்டும் விட்டது பத்தலன்னு நெனச்சுட்டாங்க போல.”

“ஒருவேளை வேற கார்டுல கீர்டுல போட்டு வச்சிருப்பாருங்கம்மா” என்று அழகிரி ஆரம்பித்தார்.

“நீங்க சும்மா இருங்க” என்றார் ஜோதி.

அத்தை எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தார். அழுததாகத் தெரியவில்லை. மோர் நன்றாக இருந்தது என்று ஜோதியிடம் சொன்னார். பிறகு அழகிரியிடம் சொன்னார்: “அப்பறம் எத்தனையோ தடவ கேட்டேங்க, அந்த வீடியோவைப் போடுங்கன்னு. சார்ஜ் இல்லன்னாங்க. நெட்டு இல்லன்னாங்க. அழிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா நானும் அன்னியோட முடிச்சிருப்பேன். சொல்லாம அஞ்சு வருஷம் என்கூடவே சாப்பிட்டு எந்திரிச்சிருக்காங்க பாருங்க.”

அழகிரி பஸ் ஏற்றிவிடக் கூடவே போனார். பஸ் கிளம்பிய பிறகு மாமாவின் நம்பரிலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது: ‘ஏத்தி விட்டாச்சு சார். ஜன்னல் சீட்டு.’

அந்தக் கணக்கில் மிச்சமிருந்ததை எல்லாம் நான் இறக்கி வைத்துவிட்டேன். ஒரு பிரதி என் வீட்டு டிஸ்க்கில், ஒன்று வேறொரு டிஸ்க்கில் என் அம்மாவின் பீரோவில், ஒன்று மேலே இருந்த இடத்திலேயே. சில மாதத்துக்கு ஒரு முறை உள்ளே போய்விட்டு வருகிறேன், ஆளில்லை என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. மாமாவின் கேஸ் ரசீதுகளும் மீட்டர் ரீடிங்கும் மூன்று இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. என் பிள்ளைகளின் வீடியோக்களையும் இப்போது அப்படியே செய்கிறேன். என் மனைவி ஒரு நாள் கேட்டாள், இத்தனை பிரதி யாருக்கு என்று. அவளுக்கு உப்பிலியபுரத்துக் கதையை முழுக்கச் சொல்லவில்லை.

டிசம்பரில் ஊருக்குப் போனேன். மாமாவுக்கு அமாவாசைத் தர்ப்பணம் கொடுக்க அத்தையோடு அம்மா மண்டபம் போனோம். ஆற்றில் பாதிக்கு மேல் மணல். ஒரு ஓரமாகப் போன தண்ணீரில் காரியம் முடிந்தது. அத்தை மேல்படியில் ஓர் இடத்தைப் பார்த்து உட்கார்ந்தார். மாமா அன்று உட்கார்ந்தது அங்கேதான் போலும்.

“அவங்க பொங்கலுக்கு ஜோதியோட வரேன்னு சொல்லியிருக்காங்க” என்றார்.

எனக்கு ஒரு நொடி ஆயிற்று, அழகிரியைச் சொல்கிறார் என்று புரிய. ‘அவங்க’ என்பதை அவர் போனில் மாற்றவில்லை.

பக்கத்தில் ஒரு குடும்பம் ஈரத் துணி பிழிந்துகொண்டிருந்தது. அத்தை அவர்கள் போகும்வரை காத்திருந்தார். போனதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்.

“ஏ அம்மணி.”

கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. அவருக்கே திருப்தியில்லை. மூக்கை விட்டுவிட்டு, கொஞ்சம் மேலே ஏற்றி, மறுபடி சொன்னார்.

“ஏ அம்மணி, அடிக்க வராத.”

என் பக்கம் திரும்பினார்.

“இப்படித்தானேடா இருக்கும்? ‘அம்மணி’ல கொஞ்சம் இழுப்பான்ல?”

நான் நினைவில் தேடிப் பார்த்தேன். அவன் ஓடுவது தெரிந்தது, வாய் அசைவது தெரிந்தது. கிரைண்டர் சத்தம்கூடக் கேட்டது.

“ஆமா அத்தே. இப்படித்தான்” என்றேன்.